சிப்பியும் வாளும்

"உலகம் உன் சிப்பி" என்பது ஆங்கிலத்தில் வழங்கும் ஒரு மரபுத்தொடர். பரீட்சைக்கென அச்சாகும் துணைநூல்களில் அதற்குப் பொருள் எழுதியிருப்பார்கள்: 'வாய்ப்புகள் யாவும் உனக்குத் திறந்திருக்கின்றன.' கொழும்பு மாணாக்கனும் இதைத்தான் மனனம் செய்கிறான். மன்னார்த் தீவின் பேசாலையிலும், பெருநிலக் கரையின் சிலாவத்துறையிலும், அரிப்பிலும், மரிச்சுக்கட்டியிலும் படிக்கும் மாணாக்கனும் இதைத்தான் மனனம் செய்கிறான். முன்னவனுக்குச் சிப்பி ஓர் உவமை. பின்னவனுக்கோ அது தன் பாட்டன் மூச்சடக்கி எடுத்து வந்த பொருள். பிறர் திறந்து பிறர் கொண்டுபோன பொருள். இந்த வேறுபாட்டைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமலே அத்தொடர் இக்கரையிற் கற்பிக்கப்பட்டு வருகிறது.

ஆங்கில மரபுத்தொடர்கள் நம் பாடசாலைகளிற் கற்பிக்கப்படும் முறை தவறானது மட்டுமன்று, அநீதியானதுமாகும் என்று நாம் கூறுகிறோம். ஆங்கிலத்தைக் கற்பிக்கக் கூடாது என்பது நம் கட்சியன்று. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு அது ஒழுங்காகக் கற்பிக்கப்படவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு. அதை நிறுவுவதற்கு இந்தச் சிப்பியையே முதற் சாட்சியாக அழைக்கிறோம்.

இத்தொடர் பிறந்த இடம் சேக்ஸ்பியரின் 'வின்சரின் குதூகல மனைவியர்' என்னும் நாடகம். அதிலே பிஸ்டல் என்றொரு போக்கிரி வருகிறான். அவன் தன் எசமானனாகிய பால்ஸ்ராவிடம் கடன் கேட்கிறான். ஒரு காசும் தரமாட்டேன் என்கிறான் எசமானன். அப்படியானால் இந்த உலகத்தையே ஒரு சிப்பியாகக் கொண்டு என் வாளால் அதைப் பிளந்துகொள்வேன் என்று வீம்பு பேசுகிறான் பிஸ்டல். இதுதான் கதை. வாய்ப்புகள் நிறைந்த உலகத்தைப் பற்றிய நல்வாக்கு அன்று அது, கொள்ளைக்காரனின் சூளுரை. காலப்போக்கில் சூளுரை உதிர்ந்தது, வாளும் உதிர்ந்தது, சிப்பி மட்டும் எஞ்சியது. இன்று பட்டமளிப்பு விழாக்களில் இளைஞரை வாழ்த்தும் பெரியோரின் வாயில் அது இனிக்கிறது.

ஆனால் வாள் உண்மையில் உதிர்ந்துவிடவில்லை. நம் நாட்டிலே அது வேறிடத்தில் முளைத்தது. 1970களில் சிங்கள மாணவரிடையே ஆங்கிலத்துக்கு ஒரு பெயர் பரவலாக வழங்கியது: 'கடுவ'. கடுவ என்றால் வாள். ஆங்கிலம் அறிந்தவன் அறியாதவனை வெட்டி வீழ்த்தப் பயன்படுத்தும் படைக்கலம் என்பது அதன் கருத்து. பேராசிரியர் திரு கந்தையா 1984இல் இந்தச் சொல்லையே தலைப்பிலிட்டு ஆங்கிலமும் அதிகாரமும் பற்றிக் கட்டுரை எழுதினார். கிராமத்துச் சிங்கள மாணவன் கண்டுபிடித்த இந்தப் பெயர் கிராமத்துத் தமிழ் மாணவனுக்கும் பொருந்தும். நேர்முகப் பரீட்சையில், வங்கியில், கந்தோரில், ஒரு மரபுத்தொடரை லாவகமாக வீசத் தெரிந்தவன் 'கெட்டிக்காரன்' ஆகிறான், தெரியாதவன் தலைகுனிகிறான். பிஸ்டலின் வாள் இன்னும் உறையில் இடப்படவில்லை.

மன்னாரின் சிப்பியை யார் திறந்தார்கள் என்பதை இனிப் பார்ப்போம்.

மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்கள் பண்டைக்காலந்தொட்டே பேர்பெற்றவை. 1560இல் மன்னாரைப் பிடித்த போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தரும், 1795இல் வந்த ஆங்கிலேயரும் கோட்டையோடு பார்களையும் தமதாக்கிக்கொண்டனர். முதலாவது ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோத், சலாபத்தை மேற்பார்வையிடும்போது தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்புக் கடற்கரையில் கிரேக்கப் பாணித் தூண்களுடன் ஒரு மாளிகை கட்டினார். அதன் இடிபாடுகளைக் கடல் இன்று கொஞ்சங் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருக்கிறது.

மாளிகையின் மேன்மாடத்திலிருந்து பார்த்தவருக்குத் தெரிந்தது அழகிய காட்சி. கடலின் அடியில் நடந்ததோ வேறு. குளிப்பவன் கல்லொன்றைக் காலிற் கொண்டு கயிற்றோடு இறங்குவான். மூச்சு நிற்கும் ஒரு நிமிட அளவிலே கைக்கெட்டிய சிப்பிகளைப் பைக்குள் வாரிப் போட்டுக் கயிற்றை அசைப்பான். மேலே இருப்பவன் இழுப்பான். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று மந்திரம் ஓதும் கடற்கட்டியை அரசாங்கமே அமர்த்திக் கூலி கொடுத்தது. ஏனெனில் கடற்கட்டி இல்லாமல் மக்கள் கடலில் இறங்க மறுத்தனர். விஞ்ஞான யுகத்தின் அரசாங்கம் மந்திரவாதிக்குச் சம்பளம் எழுதிய விந்தை இது. இலாபம் வருமென்றால் எந்த மந்திரமும் ஏற்புடையதே!

வள்ளம் கரை சேர்ந்ததும் 'கொட்டு' என்னும் அடைப்புக்குள் சிப்பி மூன்று குவியலாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தோருக்கு. 1906ஆம் ஆண்டு மரிச்சுக்கட்டிச் சலாபத்திற் கடமையாற்றிய இளம் உத்தியோகத்தர் லெனாட் வுல்ப் இக்காட்சிகளைத் தம் சுயசரிதையில் விரிவாக எழுதியுள்ளார். அவரே பின்னாளில் ஏகாதிபத்தியத்தைக் கண்டித்து நூல்கள் எழுதினார் என்பதையும் நாம் மறக்கலாகாது. அரசாங்கத்தின் பங்கு திறக்கப்படாமலே வியாபாரிகளுக்கு ஏலத்தில் விற்கப்பட்டது. பிறகு சிப்பியை அழுகவிட்டார்கள். நாற்றம் வீசும் சதையைக் கூலியாட்கள் கழுவி அலசி முத்தைத் தேடினார்கள். உள்ளே முத்து உண்டா இல்லையா என்பது கடைசி வரை எவருக்கும் தெரியாது. வாளால் ஒரே வீச்சில் திறப்பதற்கு இங்கே எந்தச் சிப்பியும் காத்திருக்கவில்லை. அழுகலில் கைவிட்டுத் துழாவியவனுக்குக் கூலி. முத்து ஏலம் எடுத்தவனுக்கு.

1906இல் பார்கள் அனைத்தையும் இலண்டன் மூலதனத்தின் பெருங் கம்பனி ஒன்று 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் பார்கள் வெறுமையாயின, கம்பனி கலைந்தது. முத்து விளைச்சல் மீண்டும் பழைய நிலைக்கு வரவே இல்லை. உலகம் உன் சிப்பி என்று இக்கரையின் பிள்ளைக்கு வாழ்த்துக் கூறுமுன் ஆசிரியர் இந்த வரலாற்றில் ஒரு பங்கையாவது கூறவேண்டாமா? கூறினால் என்ன நேரும்? அத்தொடர் மாணாக்கன் மனத்தில் ஆணியடித்தாற்போல் நிற்கும். அது மட்டுமன்று, யார் யாரைப் பார்த்து இதைச் சொல்கிறார்கள் என்று அவன் கேட்கவும் தொடங்குவான். துணைநூல்கள் அஞ்சுவது இந்தக் கேள்வியைத்தான்.

துணைநூல்களின் முறை என்ன? இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள், நடுவே ஒரு கோடு. பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்றால் கனமழை. வாளியை உதைத்தான் என்றால் இறந்தான். ஏன், எங்கே, யார் வாயில், எந்தத் தொழிலில் என்ற கேள்விகளுக்கு அந்தக் கோட்டின் இருபுறமும் இடமில்லை. காரணம் அறியாத பொருளை எத்தனை நாள் நெஞ்சில் நிறுத்தமுடியும்? ஐம்பது தொடர்களை விழுங்கிய மாணாக்கன் பரீட்சை மண்டபத்தைவிட்டு வெளியேறும்போது நாற்பத்தைந்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறான். பின்னர், 'இந்தப் பிள்ளைகளுக்கு இங்கிலீஸ் ஏறாது' என்று தீர்ப்பு வழங்கப்படுகிறது. ஏற்றத் தெரியாதவர்கள், ஏறவில்லை என்று பிள்ளையின் மீது பழிபோடுகிறார்கள்.

ஓர் உதாரணம் காட்டுவோம். வெயில் காயும்போதே வைக்கோலை உலர்த்திக்கொள் என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு. நம்மவர் அதையே காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பர். இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்று கூறி ஆசிரியர் அப்பாற் செல்கிறார். நில்லுங்கள் ஐயா! ஒன்றுக்கு வெயில், மற்றதற்குக் காற்று. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் உழவன் ஓயாத மழையிடமிருந்து தன் புல்லைக் காப்பாற்ற வெயிலை எதிர்பார்த்தான். அவனுக்கு அரியது வெயில். கட்டுக்கரைக்குளத்து நீரில் நெல் விளைவிக்கும் மாந்தை உழவனுக்கு வெயிலுக்குப் பஞ்சமா? சூடடித்த நெல்லிலிருந்து பதரைப் பிரிக்க அவனுக்குத் தேவைப்பட்டது காற்று. இரண்டு பழமொழியும் இரண்டு உழவரின் வியர்வையிற் பிறந்தவை. அவர்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் ஒரே பாடத்தைக் கற்றிருந்தனர். இதைக் கூறினால் ஒரு பழமொழியோடு இரண்டு நாடுகளின் தட்பவெப்பமும் பயிர்த்தொழிலும் வகுப்புக்குள் வந்துவிடும். மாணாக்கனுக்கோ தன் தகப்பனின் தொழிலும் ஒரு மொழியை ஆக்கவல்லது என்ற பெருமிதம் வரும்.

கடலுக்கு வருவோம். ஆங்கில மரபுத்தொடர்களிற் கணிசமானவை பாய்க்கப்பல்களிற் பிறந்தவை. 'கயிறுகளை அறிந்தவன்' என்றால் தொழிலின் நுட்பம் தெரிந்தவன். பாய்க்கப்பலில் எந்தக் கயிறு எந்தப் பாயை இழுக்கும் என்று தெரியாத மாலுமி தானும் அழிவான், மற்றவரையும் அழிப்பான். திடுக்கிட்டு நிற்பவனை ஆங்கிலேயர் 'பின்தள்ளப்பட்டான்' என்ற கருத்தில் வழங்கும் சொல்லாற் குறிப்பர். எதிர்க்காற்று பாயின் முன்புறத்தில் அறைந்து கப்பலைப் பின்னோக்கித் தள்ளுவதே அதன் மூலப்பொருள். விரைவில் வரவிருப்பதை 'கண்ணுக்கெட்டும் கடலில்' என்ற கருத்துடைய தொடராற் சொல்வர். கரையில் நிற்பவன் கண்ணுக்குத் தொலைவிற் கப்பல் தென்படுகிறது, இனித் துறைக்கு வந்துவிடும் என்பது அதன் உட்கிடை. 'கசப்பான முடிவு வரை' என்று நம்மவர் மொழிபெயர்க்கும் தொடரில் உண்மையிற் கசப்பே இல்லை என்று கப்பற்றொழில் அறிந்தோர் கூறுவர். நங்கூரக் கயிற்றின் உள்முனை கப்பலிற் கட்டப்பட்டிருக்கும் கட்டையின் பெயரால் அது அமைந்தது. கயிறு முழுவதும் ஓடிவிட்டது, இனி விடுவதற்கு ஒன்றுமில்லை என்பதே அதன் பொருள்.

இவற்றை ஆக்கியவர் யார்? பிரபுக்களா? பல்கலைக்கழகப் பண்டிதர்களா? அல்லர். கரையில் நின்றவனைப் பலவந்தமாகப் பிடித்து இழுத்துப்போய்க் கடற்படையிற் சேர்த்த காலத்தில், கசையடிக்கு அஞ்சி, புழுத்த ரொட்டியைத் தின்று, கயிறு இழுத்த ஏழை மாலுமிகளே இவற்றை ஆக்கினார்கள். உழவன், கொல்லன், தச்சன், மாலுமி ஆகியோரின் கைகளிலேதான் ஆங்கிலம் செழித்தது. அவர்களுடைய சொற்களைத் துரைமார் தம் உடைமையாக்கிக்கொண்டு, நாகரிகத்தின் அடையாளம் என்று முத்திரை குத்திக் கப்பலேற்றி இங்கு கொணர்ந்தனர். மாலுமியின் வியர்வை கனவானின் வாசனைத் திரவியமாயிற்று! இங்கிலாந்தின் உழைப்பாளியிடமிருந்து களவாடிய பொருளைக் காட்டி இலங்கையின் உழைப்பாளியை அச்சுறுத்தும் இந்த வித்தையை நாம் அம்பலப்படுத்தவேண்டும்.

இந்தத் தொடர்களைக் கற்க மிகத் தகுதியானவன் யார் என்று இப்போது கேட்கிறோம். கொழும்பு நகரத்தின் குளிரூட்டிய வகுப்பறையிலிருப்பவனா? கரைவலையின் கயிற்றைப் பிடித்து அம்பாப் பாடி இழுப்போரிடையே வளர்ந்த பிள்ளையா? சோளகம் எப்போது எழும், வாடை எப்போது திரும்பும், கச்சான் காற்றில் எந்தக் கரையில் வாடி அமைக்கலாம் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவனுக்கு, எதிர்க்காற்றுப் பாயில் அறைவதை விளக்க ஒரு நிமிடம் போதும். இயந்திரப் படகுகள் வந்து பாய்கள் அருகிவிட்ட இக்காலத்திலும் காற்றின் பெயர்கள் இக்கரையில் அழியவில்லை. கயிற்றின் அருமையை அவனுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. முத்துக்கும் சங்குக்கும் குளித்தவர்களின் உயிர் மேலே கயிறு பிடித்தவனின் கையில் இருந்தது. 'மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்' என்ற பழமொழிக்கு நம் முதியோர் கூறும் விளக்கமும் இதுவே. தேனெடுக்க மலைமுகட்டிலிருந்து கயிற்றில் இறங்குவோன், தன் தங்கை விதவையாகக் கூடாதென்று நினைக்கும் மைத்துனனிடமே கயிற்றைக் கொடுப்பான். கப்பற் கயிறு திறமையைக் குறித்தது. நம் கயிறு நம்பிக்கையைக் குறித்தது. இவ்விரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்துக் கற்பித்தால் எந்தப் பிள்ளை மறப்பான்?

இதற்கு மாறாக நடப்பதைப் பாருங்கள். ஆங்கிலத்தைத் தமிழில் தோய்க்கும் வேலை பத்திரிகைகளிலும் மேடைகளிலும் மும்முரமாக நடைபெறுகிறது. பெருங்கேட்டின் சிறுபகுதியே வெளியில் தெரிகிறது என்று சொல்லப் 'பனிப்பாறையின் நுனி' என்கிறார்கள். பனிப்பாறையைத் தலைமன்னாரில் எவன் கண்டான்? கடலின் கீழே மறைந்து கிடந்து வள்ளத்தின் அடியைக் கிழிக்கும் பார்களுக்குப் பெயரிட்டு வழங்கிய மக்களுக்கு வடதுருவத்திலிருந்து உவமை இறக்குமதி செய்யவேண்டுமா? வேற்றுச் சொல் வரக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்காவிலிருந்து அராபிய வணிகரால் வந்ததென்பர். இன்று அது நம் மரம், நம் நிழல். வேர் பிடிக்க வந்ததை வரவேற்போம். வெட்டிக் கொணர்ந்து நட்ட பந்தற்கால் தளிர்க்காது.

நம்மிடமிருந்து ஆங்கிலம் கொண்டுபோன சொற்களின் கதையையும் நாம் சொல்லியாகவேண்டும். 'கட்டுமரம்' போயிற்று, இன்று உலகத்துச் செல்வந்தரின் உல்லாசப் படகுகளுக்கு அப்பெயர் விளங்குகிறது. 'சுருட்டு' போயிற்று; 'மிளகுதண்ணீர்' போயிற்று. இவை இன்பமான பயணங்கள். எல்லாச் சொல்லுக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

'கூலி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அதன் மூலம் நம் சொல்லே என்போரும், குஜராத்தின் கோலி என்னும் இனப்பெயரே என்போரும் உளர். மூலம் எதுவாயினும் தமிழில் அச்சொல் இருக்கும் நிலையையும் ஆங்கிலத்தில் அது அடைந்த நிலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நமக்குக் கூலி என்பது உழைப்புக்குக் கொடுக்கப்படும் ஊதியம். துரைக்கோ உழைக்கும் மனிதனே 'கூலி'. ஊதியம் மனிதனின் பெயராயிற்று, பெயர் வசையாயிற்று. அந்த வசையைச் சுமந்துகொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவின் ஏழைத் தமிழர் கடல் கடந்து வந்து இறங்கியது இந்த மன்னார்க் கரையிலேதான். இங்கிருந்து வன்னிக் காடுகளின் ஊடே மாத்தளை வரை அவர்கள் நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிற் செத்து வீழ்ந்தவர் எண்ணிலர். 2023இல் மலையக மக்களும் அவர்தம் தோழரும் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே பாதையில் நடந்து அவர்களை நினைவுகூர்ந்தனர்.

ஆங்கிலத்தில் 'குருட்டுக் கண்ணைத் திருப்புதல்' என்றொரு தொடர் உண்டு. கண்டும் காணாதிருத்தல் என்பது அதன் பொருள். 1801இல் கோபன்ஹேகன் கடற்போரில், பின்வாங்குமாறு ஏற்றிய சமிக்ஞையைப் பார்க்க விரும்பாத நெல்சன், பார்வையற்ற தன் கண்ணிலே தொலைநோக்கியை வைத்தாராம். வீரத்தின் கதையாக இதனைப் பாடப்புத்தகம் புகழும். மாத்தளைப் பாதையின் ஓரங்களிலே பிணங்கள் கிடந்தபோது தோட்டத் துரைமாரும் தேசாதிபதிமாரும் எந்தக் கண்ணில் தொலைநோக்கியை வைத்திருந்தனர்? மன்னாரின் பிள்ளைக்கு இத்தொடரின் பொருளை விளங்கவைக்க நெல்சனை விட இந்தப் பாதையே சிறந்த உதாரணம்.

'பறையா' என்று ஆங்கிலம் வழங்கும் சொல்லைப் பற்றி என்ன சொல்வது? சமூகம் ஒதுக்கியவன், நாடுகள் ஒதுக்கிய நாடு என்றெல்லாம் உலகப் பத்திரிகைகள் இன்றும் கூசாமல் அதை எழுதுகின்றன. பறை முழக்கிய தமிழ் மக்களின் பெயர் அது. அவர்களை ஒதுக்கி வைத்த குற்றம் நம்மவருடையது. அந்தக் குற்றத்தைச் சொல்லாக வார்த்து உலகமெங்கும் விற்றது ஆங்கிலம். நம் சாதிவெறியும் அவர்களின் அகராதியும் கைகோத்துக்கொண்டன. இச்சொல்லையும் பட்டியலில் ஒன்றாக வைத்து 'விலக்கப்பட்டவன்' என்று பொருள் சொல்லிக் கடந்துபோகும் ஆசிரியர், வகுப்பிலே உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் நெஞ்சில் என்ன இறங்குகிறது என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? பட்டியலுக்கு இதயம் இல்லை. ஆசிரியருக்கு இருக்கவேண்டும்.

இவையெல்லாம் பழங்கதை என்று எவரேனும் கூறக்கூடும். புதியதொன்று சொல்கிறோம். இல்லாத பகைவனோடு வீணாகப் போராடுபவனைக் 'காற்றாலையோடு மோதுகிறான்' என்று ஆங்கிலத்தில் எள்ளுவர். 1605இல் வெளிவந்த செர்வாண்டிசின் ஸ்பானிய நாவலில், காற்றாலைகளை அரக்கரென மயங்கி ஈட்டியோடு பாய்ந்த டொன் குவிக்சோட்டின் கதை அதன் மூலம். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டு 30 காற்றாலைக் கோபுரங்கள் இயங்கத் தொடங்கின. மேலும் கோபுரங்கள் எழுப்பவும், மணலில் உள்ள கனிமத்தை அகழவும் திட்டங்கள் வந்தபோது, 2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் வீதியிலிறங்கித் தொடர்போராட்டம் நடத்தினர். வெள்ள நீர் வடிவது தடைப்படும், மீன்பிடி நலியும், தீவின் வாழ்வே குலையும் என்பது அவர்களின் முறைப்பாடு. காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது உலகுக்கு வேண்டிய நற்காரியமே. அதை நாம் மறுக்கவில்லை. எவருடைய மண்ணில், எவரைக் கேட்டு, எவருடைய இலாபத்துக்கு என்பதுதான் கேள்வி. அக்கேள்வியைக் கேட்பவரைக் காற்றாலையோடு மோதும் பித்தர் என்று இலேசாக ஒதுக்கிவிட ஆங்கிலத்தில் ஒரு தொடர் தயாராக இருக்கிறது. மரபுத்தொடர் ஒரு வாதத்தையே விழுங்கிவிடவல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அத்தொடரின் கதையை அறிந்த மாணாக்கன் பதில் சொல்வான்: 'அந்த நாவலில் அரக்கர் கற்பனை, எங்கள் கரையில் கோபுரம் உண்மை.' அறியாத மாணாக்கன் வாய்மூடி நிற்பான்.

இனி நம் எதிர்க்கட்சியாருக்கு மறுமொழி.

ஆங்கிலமே வேண்டாம், தாய்மொழி போதும் என்று ஒருசாரார் முழங்குவர். அவர்களிற் பலருடைய சொந்தப் பிள்ளைகள் எந்த மொழியிற் படிக்கின்றனர் என்று நாம் கேட்கமாட்டோம்; ஊர் அறியும். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி ஏழையின் பிள்ளைக்குப் பாடசாலைக் கதவைத் திறந்தது. தாய்மொழிக் கல்வி அவனுக்கு வாய் தந்தது. அவை மக்கள் பெற்ற வெற்றிகள். ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்கமாட்டோம். ஆனால் 1956இன் தனிச்சிங்களச் சட்டம் ஆங்கிலத்தை அரியணையிலிருந்து இறக்கியதாகப் பறைசாற்றிய காலத்திலும் மேட்டுக்குடியின் வீடுகளில் அது அசையாமல் வீற்றிருந்தது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி ஆங்கிலத்தை இணைப்புமொழி என்றது. இணைப்பது என்றால் எவரை எவரோடு? மேலே உள்ளவரை மேலே உள்ளவரோடு மட்டும் இணைக்குமானால் அது பாலமன்று, மதில். ஏழைக்கு ஆங்கிலத்தை மறுப்பவர் அந்த மதிலுக்கே கல் சுமக்கின்றனர்.

மறுசாரார், மொழி வெறும் கருவி, அதில் வரலாறும் வர்க்கமும் எதற்கு, பிள்ளைக்கு வேலை கிடைத்தாற் போதும் என்பர். அந்த வேலைக்காவது உங்கள் பட்டியல் உதவியதா? நகரத்துப் பிரபல பாடசாலைக்கும் கரையோரக் கிராமத்துப் பாடசாலைக்கும் இடையில் ஆங்கிலப் பெறுபேற்றில் உள்ள பள்ளத்தை அது நிரப்பியதா? நிரப்பவில்லை. வீட்டிலே ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவனுக்குப் பட்டியல் தேவையில்லை. கேளாதவனுக்கு அது பயன்படவில்லை.

என்ன செய்யலாம்? பணச்செலவு வேண்டாத காரியங்களையே கூறுகிறோம். ஆங்கிலத்தின் கடற்றொடர்கள் பத்தை எடுங்கள்; அவற்றின் எதிரே இக்கரை மக்களின் தொடர்கள் பத்தை மாணாக்கரே தேடிவந்து எழுதட்டும். தேடுவதற்குத் தகப்பனிடம், பாட்டியிடம், சம்மாட்டியிடம், கருவாடு காயவைக்கும் பெண்களிடம், இன்று அட்டைக்கும் சங்குக்கும் குளிப்போரிடம் அவர்கள் போகட்டும். 1990இல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் ஆண்டுகள் பல கழித்துத் திரும்பிய எருக்கலம்பிட்டி முதலாய ஊர்களின் முஸ்லிம் முதியவரிடமும் அவர்கள் போகட்டும். போரும் இடப்பெயர்வும் மனிதரோடு சொற்களையும் கொன்றன. எஞ்சியவை அந்த முதியோரின் நாவிலேதான் இருக்கின்றன; அவர்கள் நெடுங்காலம் இருக்கப்போவதில்லை. ஒவ்வொரு தொடருக்கும் எந்தத் தொழில், எந்தக் காற்று, எந்த ஆபத்து என்று எழுதுங்கள். ஆங்கிலப் பாடநேரத்திலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் விளக்கச் செய்யுங்கள். தன் பாட்டனின் தொடரைப் பிறமொழியில் விளக்கத் தெரிந்த பிள்ளை அம்மொழியின் எசமானனாகிறான். பிறர் தொடரை மனனம் செய்தவன் ஏவலாளனாகவே நிற்கிறான்.

ஆசிரியத் தோழர்களே, மாணவத் தோழர்களே! வாள் ஒன்று நம் தலைக்குமேல் தொங்குகிறது என்று அஞ்சியது போதும். அந்த வாளின் இரும்பைக் காய்ச்சியவன் நம்மைப்போன்ற ஓர் உழைப்பாளி. அதன் பிடியை அவனுடைய பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் பற்றும் காலம் வரவேண்டும். பற்றியபின் அதனால் எவரையும் வெட்டவேண்டியதில்லை. வலைக்கயிறு அறுக்கும் கத்தியாக அதை அடித்துக்கொள்ளலாம். உலகம் சிப்பியாயின், அதற்காக மூச்சடக்கி இறங்கியவனுக்கே முத்தில் முதற் பங்கு. இதை நம் பிள்ளைகள் தமிழிற் சொல்லட்டும், ஆங்கிலத்திலும் சொல்லட்டும்.